பிலிம் கழுவும்போது எந்தத் தப்பு திரும்பும், எது திரும்பாது?

இருட்டறைவாசி எழுதியது:

கையால் பிலிம் கழுவினால் பொறுமை வரும், நிதானம் வரும், மனசு பக்குவப்படும் என்று எழுதாதவர் இல்லை. வரட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் பிலிமை வெளிச்சம் படாமல் வைத்து மருந்து ஊற்றும் டேங்கோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அதைவிட உருப்படியான ஒன்று பிடிபடும்: எந்தத் தப்பை நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம், எதற்கு மறுவாய்ப்பே கிடையாது என்கிற தரம்பிரிப்பு. புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள். காய்ந்த பிலிமில் தெரியும் தண்ணீர்த் திட்டைப் பார்த்துப் பதறுகிறார்கள். டேங்குக்குள் பிலிமைச் சுருளாகத் தாங்கும் ரீலில் பிலிம் ஏற்றுவதை மட்டும் அவசர அவசரமாக முடிக்கிறார்கள்.

இந்த இழையில் அதைப் பேசலாம். கருப்பு வெள்ளை மட்டும். சொந்தக் கதை வேண்டாம். என்ன அளவு, எவ்வளவு நேரம், எதனால் கெடுகிறது, மீட்க வழி உண்டா, அவ்வளவுதான்.

நானே ஆரம்பிக்கிறேன். மறுவாய்ப்பே இல்லாதவற்றில் முதலிடம், படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பருக்கு முன்னால், படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸரை ஊற்றுவது. ஃபிக்ஸர் வெள்ளி உப்பைக் கரைக்கும். ஒளி பட்டதா படாததா என்று பார்க்காது. டெவலப்பர் வெள்ளியாக மாற்றியதை மட்டும்தான் விட்டுவைக்கும். டெவலப்பரே போகாத பிலிமில் விட்டுவைக்க எதுவும் இல்லை. 36 படமும் போய், கண்ணாடி மாதிரி வெறும் பட்டை கைக்கு வரும். டேங்க் மூடி போட்ட பிறகு வெளிச்சத்தில்தான் ஊற்றுகிறோம் என்பதால் இது கண்ணாலேயே தடுக்கக்கூடிய தப்பு. டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், ஃபிக்ஸர் ஆகிய மூன்று பாட்டிலும் மூன்று வடிவத்தில் இருக்கட்டும், இடமிருந்து வலமாக வரிசையாக நிற்கட்டும், ஊற்றப்போகிற பாட்டிலின் மூடியை மட்டும் திறங்கள்.

இரண்டாவது, ரீலில் பிலிமோடு பிலிம் ஒட்டிக்கொள்வது. ஒட்டின இடத்துக்குள் டெவலப்பரும் போகாது, ஃபிக்ஸரும் போகாது. வெளியே எடுக்கும்போது பால் நிறத்தில் ஒரு திட்டு தெரியும். திரும்ப ஃபிக்ஸரில் போட்டால் திட்டு மறையும், ஆனால் அந்த இடத்தில் படம் இருக்காது.

மூன்றாவது, போதாமல் டெவலப் ஆன பிலிமை ஃபிக்ஸ் செய்துவிடுவது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்டாப் பாத் ஊற்றிய பிறகுகூட, ஃபிக்ஸர் போகாதவரை கதவு முழுசாக மூடவில்லை. மூடியைத் திறக்காமல் இரண்டு மூன்று முறை நன்றாகத் தண்ணீர் மாற்றிக் கழுவிவிட்டு மறுபடி டெவலப்பர் ஊற்றலாம். படம் ஒரே சீராக வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் வரும். ஆகவே நேரம் தப்பாக வைத்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் யோசிக்கவேண்டிய இடம் ஸ்டாப்புக்கும் ஃபிக்ஸருக்கும் நடுவே.

ஹைப்போ_கோவை எழுதியது:

பக்குவம் எல்லாம் இருக்கட்டும். உங்க தண்ணி எத்தனை டிகிரி? நம்ம ஊர்ல பாதி பேருக்கு நெகட்டிவ் கெடுறது இங்கதான்.

டப்பா மேல இருக்கிற நேரம் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்குப் போட்டது. மே மாசம் மாடி டேங்க்ல இருந்து வர்ற தண்ணி 33, 34 இருக்கும். தோராயமா ஒரு டிகிரி ஏறினா நேரத்துல பத்துல ஒரு பங்கு குறைக்கணும். எச்பி5 பிளஸ் பிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரைத் தண்ணியோட ஒண்ணுக்கு ஒண்ணு கலந்தா 20 டிகிரியில 13 நிமிஷம். 24 டிகிரியில 9 நிமிஷம் கிட்ட வரும். 30க்குப் போனா 5 நிமிஷத்துக்குக் கீழ இறங்கிடும். 5 நிமிஷத்துக்குக் குறைஞ்ச எந்த நேரமும் ஆபத்துதான். ஊத்துறதுக்கே 10 வினாடி, வடிக்கிறதுக்கு 10 வினாடி ஆகும். மொத்தமே 4 நிமிஷம்னா அந்த வித்தியாசம் வானத்துல பட்டை பட்டையாத் தெரியும்.

அதனால 20ஐக் கட்டிப்பிடிச்சுட்டு நிக்காம 24ல வேலை செய்யுங்க. அகலமான டப்ல தண்ணி ஊத்தி, ஐஸ் கட்டியை பிளாஸ்டிக் கவர்ல கட்டி அதுல போட்டு, எல்லா பாட்டிலையும் டேங்கையும் உள்ள நிக்க வையுங்க. ஐஸை நேரா டெவலப்பர்ல போடாதீங்க, அளவு கெட்டுடும். மண்பானைத் தண்ணியும் நல்லா உதவும். ஆனா காத்துல ஈரம் அதிகமா இருக்கிற சென்னையில பானை அவ்வளவு குளிராது. மதுரை, திருச்சி வெயில்ல நல்லாவே இறங்கும்.

இதைவிட முக்கியம், டெவலப்பர் 20, கடைசியில கழுவுற குழாய்த் தண்ணி 33னு விடாதீங்க. பிலிம் மேல படத்தைத் தாங்குற ஜெலட்டின் பூச்சு ஒரேயடியா உப்பி, பிலிம் முழுக்க பொடிப்பொடியா வெடிப்பு விழும். இப்போ வர்ற பிலிம் ஓரளவு தாங்கும், ஆனா விழுந்துட்டா மீட்பே கிடையாது. டெவலப்பர், ஸ்டாப், ஃபிக்ஸர், கழுவுற தண்ணி எல்லாம் 2, 3 டிகிரிக்குள்ள இருக்கட்டும்.

மதுரை120 எழுதியது:

கோவை அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். தப்பு எங்க நடந்துச்சுன்னு கண்டுபிடிக்கத் தெரியாம அடுத்த ரோல்ல எதையோ மாத்திட்டு இருப்பாங்க. படம் வெளுத்துப்போச்சுன்னா உடனே டெவலப்பர் மேல பழி. பிலிம் ஓரத்தைப் பாருங்க முதல்ல.

ஓரத்துல பிலிம் பேரும் பட எண்ணும் இருக்குல்ல, அது தயாரிக்கிற இடத்துலயே ஒளி காட்டிப் பதிச்சது. நம்ம கேமராவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதனால அது டெவலப்பருக்கு மட்டும்தான் சாட்சி. எழுத்து நல்ல கருப்பா இருக்கு, படம் மட்டும் வெளுத்திருக்குன்னா டெவலப்பர் மேல தப்பில்ல. கேமராவுல ஒளி பத்தலை. எழுத்தும் சாம்பல் பூத்த மாதிரி மங்கலா இருந்தா டெவலப்பிங் பத்தலை: நேரம் குறைவு, சூடு குறைவு, இல்ல டெவலப்பர் செத்துப்போச்சு. எழுத்தே இல்லை, முழுக்கக் கண்ணாடின்னா ஃபிக்ஸர் முதல்ல போயிருக்கு, இல்ல டெவலப்பர்னு நினைச்சு வேற எதையோ ஊத்தியிருக்கு. எழுத்து பளிச்னு இருக்கு, படம் ஒண்ணுகூட இல்லைன்னா கேமராவுல பிலிம் நகரவே இல்ல. படத்துக்கு வெளிய இருக்கிற ஓரமும் சேர்ந்து கருத்திருந்தா எங்கயோ வெளிச்சம் புகுந்திருக்கு.

லைட் பாக்ஸ் இல்லாட்டி போன் திரையை வெள்ளையா வெச்சு அது மேல, ஒரு விரல் இடைவெளி விட்டுப் பிடிங்க. ஒட்ட வெச்சா திரையோட புள்ளி தெரியும்.

டேங்க்மூடி எழுதியது:

மேற்கோள் (இருட்டறைவாசி): "போதாமல் டெவலப் ஆன பிலிமை ஃபிக்ஸ் செய்துவிடுவது"

செலினியம் டோனரில் போட்டால் மீட்கலாமே? திரும்பாத பட்டியலில் இதை ஏன் வைத்தீர்கள்?

இருட்டறைவாசி எழுதியது:

செலினியம் ஏற்கெனவே இருக்கிற வெள்ளியின் மேல்தான் வேலை செய்யும். டோனரை ஒன்றுக்கு மூன்று கலந்து, நன்றாக ஃபிக்ஸ் செய்து கழுவிய நெகட்டிவை சுமார் 5 நிமிடம் போட்டால் வெளிச்சமான பகுதிகளின் அடர்த்தி கூடும், படத்துக்குக் கொஞ்சம் எடுப்பு வரும். நிழலில் வெள்ளியே இல்லையென்றால் எதன் மேல் ஏறும்? அதனால் மீட்பு அரைகுறைதான். கையுறை கட்டாயம், ஜன்னல் திறந்திருக்கவேண்டும். செலினியம் விஷம்.

ஒளி குறைவாகப் பட்ட பிலிமை இன்னும் கொஞ்ச நேரம் டெவலப்பரில் வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்பதும் இதே மயக்கம்தான். நிழல் பகுதி சீக்கிரமே வளர்ந்து முடிந்துவிடும். கூடுதல் நேரம் முழுவதும் வெள்ளைச் சட்டைக்கும் வானத்துக்கும் போய்ச் சேரும். நிழலைக் கேமராவிலேயே பிடிக்கவேண்டும். டேங்கில் கட்டுப்படுத்த முடிவது படத்தின் வெளிச்சமான பகுதிகளை.

எதிர்த்திசை எளிது. அளவுக்கு மீறிக் கருத்த நெகட்டிவைக் குறைக்கலாம். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 37.5 கிராம் 500 மி.லி. தண்ணீரில் ஒரு பாட்டில். ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) 480 கிராம் 2 லிட்டரில் இன்னொரு பாட்டில். முதலாவதில் 30, இரண்டாவதில் 120 மி.லி. எடுத்து, தண்ணீர் சேர்த்து 1 லிட்டர் ஆக்குங்கள். கலந்தால் சில நிமிடத்திலேயே வீரியம் போய்விடும், ஆகவே பிலிமைத் தண்ணீரில் ஊறவைத்துத் தயாராக வைத்துக்கொண்டு கடைசியில் கலக்கவும். வெளிச்சத்திலேயே, வெள்ளைத் தட்டில், பார்த்துக்கொண்டே செய்கிற வேலை. நினைத்ததற்குச் சற்று முன்பே எடுத்துத் தண்ணீரில் போடுங்கள், ஏனென்றால் குறைந்துபோனது திரும்பி வராது. ஃபெரிசயனைடு பக்கத்தில் வீரியமான அமிலம் எதையும் கொண்டுவராதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

லேப்_சாமான் எழுதியது:

வணக்கம். டெவலப்பர் பாக்கெட் கிடைக்காமல் சொந்தமாகக் கலக்கிறவர்களுக்காக. டி-76 என்ற டெவலப்பரின் சூத்திரம் 1920களிலிருந்து வெளிப்படையாக இருப்பதுதான். லேப் கெமிக்கல் கடையில் நான்கும் கிடைக்கும். 50 டிகிரிச் சூட்டில் 750 மி.லி. தண்ணீர், மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், கடைசியில் தண்ணீர் சேர்த்து 1 லிட்டர்.

வரிசை முக்கியம். சல்பைட் முழுவதையும் முதலில் போட்டுவிட்டால் மெட்டால் அதில் கரையாமல் அடம்பிடிக்கும். சல்பைட் இல்லாமல் மெட்டாலை மட்டும் போட்டால் காற்றுப் பட்டுக் கெட ஆரம்பிக்கும். அதனால் ஒரு சிட்டிகை சல்பைட், பிறகு மெட்டால், அது முழுதாகக் கரைந்ததும் மிச்சம் எல்லாம். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு, வெடிப்பு கொண்டுவரும், கையுறை போடுங்கள்.

கடையில் சொல்லும்போது உஷார். சல்பைட், சல்பேட், சல்பைடு மூன்றும் வேறு வேறு. நமக்கு வேண்டியது சல்பைட். சல்பேட் வாங்கினால் டெவலப்பரைப் பாதுகாக்க எதுவும் இருக்காது. சல்பைடு என்றால் அழுகிய முட்டை நாற்றம், பிலிம் முழுக்கப் புகை படிந்த மாதிரி கருக்கும். வாயால் சொல்லாமல் சூத்திரத்தை எழுதிக் கொடுங்கள்.

பாட்டில் நிரம்பி, இறுக மூடியிருந்தால் 6 மாதம் தாங்கும். பாதி காலியானால் 2 மாதம். 1 லிட்டரை ஒரே பாட்டிலில் வைக்காமல் சின்னச் சின்ன பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி வைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. டீ நிறத்துக்கு வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள். ரோடினால் என்ற டெவலப்பர் மட்டும் விதிவிலக்கு. கருத்தாலும் வேலை செய்யும்.

ஹைப்போ_கோவை எழுதியது:

சார், நல்ல பதிவு. ஒரு கேள்வி பலருக்கு இருக்கு. ஒண்ணுக்கு ஒண்ணு கலந்து சின்ன டேங்க்ல 300 மி.லி. ஊத்தினா அசல் டெவலப்பர் 150தானே இருக்கு, பத்துமா?

லேப்_சாமான் எழுதியது:

நல்ல கேள்வி. 36 படம் உள்ள ஒரு ரோலுக்கு, ஒன்றுக்கு ஒன்று கலந்த டி-76 அரை லிட்டர் கிட்டத்தட்ட இருக்கவேண்டும் என்பதுதான் கோடாக் கணக்கு. சின்ன டேங்கில் 240 மி.லி. அளவில் கழுவினால் நேரத்தை 10 சதவீதம் கூட்டச் சொல்கிறார்கள். 300 மி.லி.க்கும் அதே மாதிரி கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். பனி, வெள்ளைச் சுவர், கடற்கரை என்று வெளிச்சமான படமே நிறைந்த ரோல் டெவலப்பரை அதிகம் தின்னும். அப்போது இரண்டு ரீல் டேங்கில் ஒரு ரீலில் பிலிமும் ஒரு காலி ரீலும் போட்டு 600 மி.லி. ஊற்றுங்கள். காலி ரீல் இல்லாவிட்டால் பிலிம் ரீல் மேலும் கீழும் ஓடி நுரை கட்டும்.

டேங்க்மூடி எழுதியது:

பிலிம் ஏற்றுவதைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை. மறுவாய்ப்பே இல்லாத இடம் என்று ஆரம்பத்தில் சொல்லிவிட்டு அப்படியே விட்டால் எப்படி? பிளாஸ்டிக் ரீலில் பாதியில் சிக்கிக்கொள்கிறது, சேஞ்சிங் பேக்குக்குள் (கை மட்டும் நுழைகிற இருட்டுப் பை) கை வேர்க்கிறது. என்ன செய்வது?

மதுரை120 எழுதியது:

ரீல் எலும்பு மாதிரிக் காய்ஞ்சிருக்கணும். முந்தின ரோலைக் கழுவின ஈரம் பள்ளத்துல ஒரு துளி இருந்தாலும் பிலிம் அங்க ஒட்டி நின்னுடும். தொடர்ந்து ரெண்டு ரோல் கழுவணும்னா ரெண்டு ரீல் வாங்கிடுங்க. கழுவுற தண்ணியில கடைசியா சோப்பு மாதிரி ஒரு மருந்து சேர்க்கிறோமே, வெட்டிங் ஏஜென்ட், அதை ரீலோட சேர்த்து ஊத்தாதீங்க. பிலிமை வெளிய எடுத்துத் தனிக் கிண்ணத்துல முக்குங்க. அது ரீல் பள்ளத்துல படிஞ்சு பிசுபிசுன்னு ஆகிடும். படிஞ்சிருந்தா பழைய டூத் பிரஷ், வெந்நீர்.

35 மி.மீ. பிலிம்னா முன்னாடி நாக்கு மாதிரி இருக்கிற பகுதியை வெளிச்சத்துலயே நேரா வெட்டிடலாம். வெட்டு, பிலிம் ஓரத்துல வரிசையா இருக்கிற ஓட்டைக்கு நடுவுல போகக் கூடாது, ரெண்டு ஓட்டைக்கு இடையில போகணும். ரெண்டு முனையையும் நகம் வெட்டுற அளவுக்கு மட்டும் வட்டமா எடுத்துவிடுங்க. ரீல்ல முதல் அஞ்சாறு செ.மீ. வெளிச்சத்துலயே ஏத்திப் பார்த்துட்டு மிச்சத்தை இருட்டுக்குள்ள ஏத்தலாம். எப்படியும் அந்த நீளத்துல படம் இருக்காது.

பைக்குள்ள வேர்த்துப்போச்சுன்னா முறுக்காதீங்க. முறுக்கினா பிறை மாதிரி மடிப்பு விழும், அது கருப்புத் தழும்பா படத்துல வரும், திரும்பாது. பிலிமை, ரீலை எல்லாம் டேங்குக்குள்ள போட்டு மூடியைத் திருகிட்டுக் கையை வெளிய எடுங்க. கையைத் துடைச்சு, பத்து நிமிஷம் ஃபேன்ல காட்டிட்டுத் திரும்பப் போங்க. மூடின டேங்குக்குள்ள பிலிம் பத்திரமா இருக்கும், அது எங்கயும் ஓடிடாது. பவுடர் மட்டும் போட்டுக்காதீங்க.

பழகுறதுக்குப் பாழான ரோல் ஒண்ணை வெளிச்சத்துல ஏத்தி, அப்புறம் கண்ணை மூடி ஏத்தி, அப்புறம்தான் இருட்டு. குளியலறையை இருட்டறையா மாத்துறவங்க உள்ள போய் 5 நிமிஷம் உக்காருங்க. கண்ணு பழகின பிறகுதான் கதவிடுக்கு வெளிச்சம் தெரியும். கீசர்ல சின்ன சிவப்பு விளக்கு இருக்கும், கையில ஸ்மார்ட் வாட்ச் இருக்கும், மறந்துடாதீங்க.

இருட்டறைவாசி எழுதியது:

அருமை. "மூடியைத் திருகிட்டுக் கையை வெளிய எடுங்க" என்பதைத் தனியாக ஒட்டி வைக்கலாம். பெரும்பாலான மீளாத் தப்புகள் நிறுத்தியிருக்கக்கூடிய இடத்தில் நிறுத்தாததால் வருபவை. பிலிம் டேங்குக்குள் மூடியிருக்கும்போது நேரம் ஓடவில்லை. டெவலப்பர் உள்ளே போன நொடியிலிருந்துதான் ஓடுகிறது.

குலுக்கும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் 10 வினாடியில் 4 முறை தலைகீழாகத் திருப்பி நேராக்குங்கள். தரையில் இரண்டு தட்டு, காற்றுக்குமிழி விலகும். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே 4 முறை. அதிகம் குலுக்கினால் ஓட்டைகள் வழியாகப் பாயும் டெவலப்பர் படத்தின் ஓரத்தில் கோடு கோடாக அடர்த்தியை ஏற்றும். குலுக்காமலே விட்டால் வேலை முடித்த கழிவு கீழே வழிந்து கோடு போடும். எந்த முறையை எடுத்தாலும் எல்லா ரோலுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் எதை மாற்றியதால் எது மாறியது என்று தெரியாது.

நீலகிரி_ரோல் எழுதியது:

திரும்புகிற தப்புகளைப் பற்றியும் கொஞ்சம். ஃபிக்ஸர் நேரத்தை யாரும் நம்பிக்கையின் பேரில் வைக்கவேண்டாம், சோதித்துவிடலாம். வெட்டி எறிந்த பிலிம் நாக்கை எடுங்கள். அதன் மேல் ஒரு துளி ஃபிக்ஸர் வைத்து 10 வினாடி விடுங்கள். பிறகு முழுத் துண்டையும் ஃபிக்ஸரில் போட்டு நேரம் பாருங்கள். துளி வைத்த வட்டத்துக்கும் மற்ற இடத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிற நொடிதான் தெளியும் நேரம். அதைப்போல இரண்டு மடங்கு ஃபிக்ஸ் செய்யவேண்டும். டி-மேக்ஸ், டெல்டா வகைப் பிலிமுக்கு மூன்று மடங்கு. புதிய ஃபிக்ஸரில் 30 வினாடியில் தெளிந்தது, இப்போது 60 ஆகிறது என்றால் அந்த ஃபிக்ஸருக்கு ஆயுள் முடிந்தது.

கடையில் வாங்குகிற ராபிட் ஃபிக்ஸர் ஒன்றுக்கு நான்கு கலந்தால் 2 முதல் 5 நிமிடம். சொந்தமாகக் கலப்பதானால் ஹைப்போ 250 கிராம், பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் 25 கிராம், 1 லிட்டர். ஹைப்போ கரையும்போது தண்ணீர் சில்லென்று ஆகிவிடும், ஆகவே வெந்நீரில் கரைக்கவும். ஆறிய பிறகு மற்றதைச் சேர்க்கவும். இது மெதுவாக வேலை செய்யும், 10 நிமிடம் ஆகலாம், சோதனைத் துண்டுதான் கணக்கு.

காய்ந்த பிறகு பிலிம் பால்போல இருக்கிறதா, ஊதா படர்ந்திருக்கிறதா? புதிய ஃபிக்ஸரில் திரும்பப் போட்டுக் கழுவுங்கள், போய்விடும். ஆனால் மாசக்கணக்கில் அப்படியே விட்டுவிடாதீர்கள். மிச்சமிருக்கும் உப்பு வெளிச்சத்தில் கருத்துப்போகும்.

பழைய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கிறது. செடிக்கோ கிணற்றடியிலோ ஊற்றவேண்டாம்.

டேங்க்மூடி எழுதியது:

நீலகிரி என்று பெயர் வைத்திருப்பதால் கேட்கிறேன். ஊட்டி 'இந்து' பிலிம் ரோல் பழைய ஸ்டுடியோக்களில் இன்னும் கிடைக்கிறது. கழுவினால் வருமா?

நீலகிரி_ரோல் எழுதியது:

இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் தொடங்கி, 1967இல் உற்பத்தி ஆரம்பித்த நிறுவனம். இப்போது கிடைப்பது எல்லாம் பல வருஷம் காலாவதியானது, அதுவும் சமவெளி வெயிலில் அலமாரியில் கிடந்தது. வரும், ஆனால் பிலிம் முழுக்கப் புகை படிந்த மாதிரி ஒரு சாம்பல் அடர்த்தி இருக்கும். ஒளியைத் தாராளமாகக் கொடுங்கள். காலாவதியான பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரண்டு மடங்காக்குவது, என்று ஒரு கைக்கணக்கு உண்டு, அதையும் முழுசாக நம்பவேண்டாம். டெவலப்பரில் லிட்டருக்கு 1 கிராம் பொட்டாசியம் புரோமைடு சேர்த்தால் புகை கொஞ்சம் அடங்கும், வேகமும் கொஞ்சம் குறையும். முழு ரோலைக் கழுவும் முன் இருட்டில் ஒரு சாண் வெட்டிச் சோதியுங்கள். முக்கியமான கல்யாணத்துக்கு அந்த ரோலைப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

மதுரை120 எழுதியது:

தண்ணித் திட்டு பாக்கி இருக்கு. ஃபிக்ஸர் வடிச்ச பிறகு அதே சூட்டுத் தண்ணி நிரப்பி 5 தடவை திருப்பிக் கொட்டுங்க, மறுபடி நிரப்பி 10, மறுபடி 20. இல்ஃபோர்டு முறை இது, ஹார்டனர் (ஜெலட்டினை இறுக்குற மருந்து) சேர்க்காத ஃபிக்ஸருக்குப் பொருந்தும். குழாயைத் திறந்துவிட்டு அரைமணி ஓடவிட வேண்டியதில்ல. இதுவரைக்கும் போர் தண்ணியே போதும். கடைசி முக்கல் மட்டும் பேட்டரி தண்ணியில, இல்லாட்டி கேன் தண்ணியில. வெட்டிங் ஏஜென்ட் 200க்கு 1 போதும், கூடினா அதுவே கறை.

விரலால வழிக்காதீங்க. ஒரு மணல் துகள் இருந்தா முழு நீளத்துக்கும் கோடு விழும். ஃபேனை நிறுத்துங்க, குளியலறைச் சுவரை நனைச்சுவிட்டுத் தூசி அடங்கினதும் தொங்கவிடுங்க, கீழ ஒரு கிளிப் கனத்துக்கு. மழைக்காலத்துல ராத்திரி முழுக்க ஆகும்.

ஹைப்போ_கோவை எழுதியது:

வெள்ளைத் திட்டு விழுந்துட்டா: பளபளப்புப் பக்கம்னா ஈரத் துணியாலயே போயிடும். மங்கலான பக்கம்னா துடைக்காதீங்க, அங்கதான் படம் இருக்கு. சமையல் வினிகர் ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு, அதுல 2, 3 நிமிஷம் ஊறவெச்சுக் கழுவிட்டு பேட்டரி தண்ணியில முக்கித் தொங்கவிடுங்க. உப்புப் படிவு கரைஞ்சிடும். ஆனா அங்க பெரிய துளி நின்னு ஒரு இடம் மட்டும் லேட்டாக் காய்ஞ்சிருந்தா, ஜெலட்டினே இழுத்துக்கிட்டு வட்டமா ஒரு தடம் விடும். அது போகாது. முதல் பதிவுல தண்ணித் திட்டுக்குப் பதறவேண்டாம்னு சொன்னீங்களே, பாதி சரி.

இருட்டறைவாசி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். அந்த வட்டத்தைத் திரும்பாத பக்கம் மாற்றிவிட்டேன். அடுத்து 120 என்கிற அகலப் பிலிமை ரீலில் ஏற்றும்போது கடைசியில் வருகிற ஒட்டுத்தாளை இருட்டில் எப்படிப் பிரிப்பது என்று மதுரை எழுதவேண்டும்.